ஈயச்சொம்பை எறிந்துவிடாதே

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து ஈப்போ சந்தைக்கு நீயே நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்தி உயர்நிலை மூன்றில் வேதியியல் எடுத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசை முழுக்க அவள் தனிம அட்டவணைதான், தட்டு வைக்க இடமில்லை.

உன் அம்மாவின் ஈயச்சொம்பை "விஷம், தூக்கிப் போடு" என்று மகன் சொல்கிறானாமே. அவசரப்படாதே. அவன் பயப்படுவது காரீயத்துக்கு. ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். வெள்ளீய அணுவின் கருவில் 50 புரோட்டான்கள், காரீயத்தில் 82. அடுப்பில் காய்ச்சினாலும் புளியில் ஊறவைத்தாலும் அந்த எண் மாறாது. வெள்ளீயத்தை உடம்பு அதிகம் உறிஞ்சாது. காரீயம் எலும்பில் போய்த் தங்கும், பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஆனால் மகனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. வெள்ளீயம் விலை கூடிய உலோகம். காரீயத்தைக் கலந்து விற்பவர்கள் உண்டு. ஆலையில் நான் சால்டரிங் மேசையில், உலோகக் கம்பியை உருக்கி மின்பாகங்களை ஒட்டுகிற வேலையில், இருந்த காலத்தில் எங்கள் கம்பிச் சுருளிலேயே இரண்டும் கலந்துதான் இருக்கும். தனியாக வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு என்று கலந்தால் 183-லேயே உருகிவிடும், அதற்காகத்தான் கலந்தார்கள். மின்னணுப் பொருள்களில் காரீயம் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தடை கொண்டுவந்த பிறகு, பல ஆலைகள் வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்த கம்பிக்கு மாறின. நான் அதற்குள் வேலையை விட்டுவிட்டேன்.

அந்தக் கம்பி வெறும் கலவை, அணுக்கள் பிணைந்து புதுப் பொருளாக மாறிய சேர்மம் இல்லை. பேத்திக்கு இந்த வித்தியாசம்தான் பிடிபடவே மாட்டேன் என்றது. உங்கள் ஈப்போவைச் சுற்றி வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்த கிந்தா பள்ளத்தாக்கைத்தான் உதாரணம் காட்டினேன். அங்கே தோண்டி எடுத்தது வெள்ளீயமா? இல்லை, அதன் ஆக்சைடு: ஒரு வெள்ளீய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணு. பார்த்தால் கறுப்பும் பழுப்புமாக மணல். உலோகம் போல வளையாது, உருக்கி வார்க்கவும் முடியாது. மலாயாத் தாதை 1890 முதல் இங்கே புலாவ் பிரானியில் கரியோடு சேர்த்து உலையில் போட்டார்கள். கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாகப் போய்விடும், உலோகம் உருகி அடியில் தேங்கும். செந்தோசாவுக்குப் போகிற வழியில் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தத் தீவுதான். இந்தக் கதை பள்ளிப் புத்தகத்தில் இருந்தால் பிள்ளைகள் இன்னும் ஆசையாகப் படிப்பார்கள்.

"அப்போ வெள்ளீயம் நல்லதா கெட்டதா பாட்டி?" என்று கேட்டாள். எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? ஃபுளூரின் தனியாக இருந்தால் கொடிய வாயு. அதைப் பிரித்தெடுக்கப் போய் உயிரை விட்ட விஞ்ஞானிகள் உண்டு. அதுவே வெள்ளீயத்தோடு சேர்ந்து ஸ்டானஸ் ஃபுளூரைடு ஆனால் பற்பசையில் போடுகிறோம், சொத்தை வராமல் காக்கிறது. அதே வெள்ளீயத்தோடு கார்பன் சங்கிலிகளைக் கோத்து டிரைபியூட்டைல்டின் செய்து கப்பலின் அடிப்பாகத்தில் பூசினார்கள், பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க. அது கடலில் கசிந்து, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கிற அளவுக்குப் போயிற்று. 2008-இல் உலக ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகுதான் அந்தப் பூச்சு நின்றது. சிங்கப்பூர் போன்ற துறைமுக ஊருக்கு இது சின்ன விஷயமா?

சரி, உன் சொம்புக்கு வருகிறேன். தராசில் எடையைப் பார். ஒரு வாளியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் சொம்பை முழுக்க மூழ்கவிடு. வழிகிற தண்ணீரைப் பிடித்து அளந்துகொள். கிராமை மில்லிலிட்டரால் வகுத்தால் 7.3-ஐ ஒட்டி வரவேண்டும். காரீயம் 11.3. உனக்கு 8-க்கு மேல் வந்தால் மகன் சொன்னபடி செய். ஆனால் 7.3 வந்துவிட்டது என்றும் உடனே ரசம் வைத்துவிடாதே. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் பிடிபடாது. தங்கத்தின் மாற்று பார்க்க எக்ஸ்-கதிர்க் கருவி வைத்திருக்கிற நகைக்கடையில் கேட்டுப்பார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். மோஸ்லி என்கிற இளைஞர் 1913-இல் கண்டறிந்தது இது. இரண்டு வருஷத்தில் கலிப்போலிப் போரில் செத்துப்போனார், வயது 27. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.

காரீயம் இல்லை என்று தெரிந்தால் தாராளமாகப் புழங்கு. வெறும் சொம்பை மட்டும் அடுப்பில் ஏற்றாதே, உருகி ஓடிவிடும். ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரி பக்கத்திலேயே நிற்கும், பயமில்லை. புளிப்பான ரசத்தை இரவு முழுக்க அதில் வைக்கவும் வேண்டாம்.

எடையும் அளவும் குறித்து அனுப்பு, பேத்தி கணக்குப் போட்டுச் சொல்வாள். பள்ளி விடுமுறையில் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வரலாம் என்றிருக்கிறோம். தேதி முடிவானதும் எழுதுகிறேன்.

உன் அன்புத் தோழி,
சரோஜா