ஈசியுவை மாற்றும் முன் வயரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் வந்தால் ஒர்க்‌ஷாப்களில் இது வாடிக்கை. இன்ஜின் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரியும், ஸ்பீடோமீட்டர் முள் படுத்துவிடும். கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் 'யூ0100' என்று வந்ததும், "ஈசியு போச்சு சார்" என்று எஸ்டிமேட் போட்டுவிடுகிறார்கள். காரின் பாகங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிதான் ஈசியு; ஒரு காரில் பல இருக்கும். இன்ஜின் ஈசியுவிடமிருந்து தகவல் வரவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். காரணம் வயராகவும் இருக்கலாம்.

ஈசியுக்கள் பேசிக்கொள்வது 'கேன்' எனப்படும், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களில். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) பேரலலாக இணைந்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனை ரெசிஸ்டர் இணைப்பில் இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள்; பிறகு மாட்டிய கருவிகளை முதலில் சந்தேகிக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் உரசுகின்றன. கேட்வே (லைன்களுக்கு இடையே தகவலைக் கடத்தும் ஈசியு) உள்ள புதிய கார்களில் இந்தப் பின்கள் கேட்வேயோடு நின்றுவிடும். உள்ளே இறங்கித்தான் அளக்க வேண்டும்.

60 வந்துவிட்டால் சரி என்று விட்டுவிடக் கூடாது. ஒரு வயர் காரின் பாடியில் பட்டிருந்தாலும் அதே 60தான் காட்டும். ஆகவே பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, ஒவ்வொரு வயரையும் கிரவுண்டோடு அளக்க வேண்டும்: 'ஹை' வயர் (6ஆம் பின்) 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே, 'லோ' வயர் (14ஆம் பின்) சற்றுக் கீழே காட்ட வேண்டும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுதான் தலைவலி. அனுப்பும்போது பிழை நேர்ந்தால் ஈசியு தன் கணக்கில் 8 கூட்டும். ஒழுங்காகப் போனால் 1 கழிக்கும். கணக்கு 256ஐத் தொட்டால் தானே லைனிலிருந்து விலகிக்கொள்ளும். தொடர்ந்து 32 பிழைகள் போதும். பச்சை பூத்த ஒரு பின், குழியில் வண்டி குதிக்கும்போது அதைச் செய்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் அசையாமல் நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். இன்ஜினை ஓடவிட்டு, கனெக்டர்களை ஒவ்வொன்றாக அசைத்தபடி ஸ்கேனரைக் கவனித்தால் பிடிபடும்.

ஈசியு மாற்றச் சொல்லும் எந்த எஸ்டிமேட்டிலும் இந்த ஓம், வோல்ட் அளவுகளை எழுதித் தருவதை ஒர்க்‌ஷாப்கள் வழக்கமாக்க வேண்டும். அளப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
கோயம்புத்தூர்