அப்ரோச் கிளியரன்ஸ் வந்தவுடனே இறங்காதீர்கள்

நண்பர்களே, நேற்று சிமுலேட்டரில் இருவர் "கிளியர்டு அப்ரோச்" (ஓடுபாதையை நோக்கி இறங்கும் அணுகுமுறையைத் தொடங்க அனுமதி) என்று கேட்டதுமே உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். மனசு பதறிவிட்டது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்கு வந்த டிடபிள்யூஏ (TWA) நிறுவனத்தின் 514 விமானம் இப்படித்தான் 1,800 அடியை நோக்கி இறங்கி, வர்ஜீனியாவில் மலையில் மோதியது. விமானத்திலிருந்த 92 பேரும் இறந்தார்கள்.

அமெரிக்க விதி இதில் தெளிவு: ரேடார் வெக்டரில், அதாவது கட்டுப்பாட்டாளர் ரேடாரில் பார்த்துச் சொல்லும் திசையில் பறக்கும்போது, சார்ட்டில் (அணுகுமுறை வரைபடத்தில்) உள்ள பாதையில் சேரும்வரை கட்டுப்பாட்டாளர் கடைசியாகத் தந்த உயரத்தை விடக்கூடாது. சேர்ந்த பிறகும், ஃபிக்ஸை (சார்ட்டில் குறித்த இடத்தை) கடந்தால்தான் அடுத்த படி உயரத்துக்கு இறங்கலாம். மினிமம்ஸில் (சார்ட் அனுமதிக்கும் மிகக் குறைந்த உயரத்தில்) ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் மிஸ்டு அப்ரோச்தான் (இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறுவதுதான்), "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" கிடையாது.

உயரத்தில் சந்தேகமா? உடனே கேளுங்கள். சனிக்கிழமை எல்லோரும் சார்ட்டோடு வாருங்கள்.