வியாழன் மாலை ஒரு மணி நேரம் தந்தவர்களுக்கு

எங்கள் சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்தும் எங்களைத் தாங்கிய லயத்து உறவுகளுக்கும் வணக்கம்.

எங்களுக்குத் திருமணமாகி இந்த மாதத்தோடு 12 ஆண்டுகள் நிறைகின்றன. தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தைய காம்பராவில் நாங்கள் நால்வரும் வாழ்கிறோம். ஆலயத்தில் எழுந்து நின்று நன்றி சொல்ல முயன்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் போதகர் ஐயா. மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் திருமண அறிவிப்பு வாசிக்கப்பட்ட நாட்களில், எங்கள் பத்திரங்களையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தார். என் மனைவியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. மலையகத்தில் இது எத்தனையோ வீடுகளின் கதை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம், அவர் ஏற்கவில்லை. கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் எங்களோடு அலைந்து திருத்தி முடித்து, திருமண நாளன்றே பதிவேட்டிலும் கையொப்பமிட வைத்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன்.

அடுத்து வருவதைச் சொல்ல, என் தவறையும் சொல்லியாக வேண்டும். மகள் பிறந்த மறு ஆண்டு கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வேலைக்குப் போனேன். ஐந்து ஆண்டுகள். நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் வருவேன். மாதம் தவறாமல் பணம் அனுப்பியதால் கணவனுக்குரியதைச் செய்துவிட்டேன் என்றே நம்பினேன். 2021 நத்தாருக்கு வந்த இரவில், மனைவி ரொட்டி தட்டிவிட்டு மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். நான்காவது தட்டு அவள் நினைவுக்கு வரவில்லை. தெரிந்தபோது அவள்தான் அழுதாள்.

நத்தார் ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஐயா என்னை ஆலயத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, “தம்பி, பணம் மாதாமாதம் வந்து சேருகிறது. நீங்கள் எப்போது வந்து சேரப் போகிறீர்கள்?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. ஐயா, உங்கள் கேள்வியோடுதான் நான் கொழும்புக்குத் திரும்பினேன். கணக்கு முடித்துக்கொண்டு தை மாதமே வீடு வந்தேன்.

வந்தபின் பிழைப்பு? என் மனைவியோடு மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் 12 பேர் சேர்ந்து சீட்டுப் போட்டிருந்தார்கள். அடுத்த சீட்டு யாருக்கென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த அக்கா, மகனுக்குக் கட்டில் வாங்க வைத்திருந்த முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அதை முற்பணமாகக் கட்டித்தான் முச்சக்கரவண்டி எடுத்தேன். அது 2022. பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்த ஆண்டு. கோதுமை மாவின் விலை ஏறி லயமே ரொட்டியை எண்ணித் தின்ற ஆண்டு. தங்கள் அடுப்பே அணையும் நிலையிலும் அவர்களில் ஒருவர்கூட அந்தப் பணத்தைப் பற்றி எங்களிடம் பேசவில்லை.

ஆனால் ஐந்து ஆண்டுகள் பிரிந்திருந்த இருவர் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டால் மட்டும் போதாது. எல்லாவற்றுக்கும் சண்டை வந்தது. போதகர் அம்மா, சூரியன் மறையுமுன் கோபம் தணியவேண்டும் என்று பவுல் எபேசு சபைக்கு எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். எங்கள் மலையில் மூடுபனிக் காலத்தில் சூரியனைக் காண்பதே அரிது. ஆகவே அவரே ஒரு வழி சொன்னார்: மனத்தாங்கல் தீராமல் குடும்ப ஜெபத்தைத் தொடங்காதீர்கள். முதல் வாரத்தில் இரவு பத்து மணிக்குத்தான் ஜெபித்தோம், பிள்ளைகள் உறங்கிவிட்டிருந்தார்கள்.

பேசித் தீர்க்க இடம் வேண்டுமே. குடும்ப வாழ்வைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், பிள்ளைகளின் முன்னால், அண்டை வீட்டார் சுவருக்கு அப்பால் இருக்க, ஒரு கணவனும் மனைவியும் எப்படி மனம் விட்டுப் பேசுவது என்று யாரும் சொன்னதில்லை. அதை உணர்ந்தவர் அடுத்த காம்பரா அம்மாயி. மாரியம்மனுக்குத் தவறாமல் விளக்கேற்றுகிறவர். ஒரு வியாழக்கிழமை மாலை எங்கள் வாசலில் வந்து, “பிள்ளைகளை என்னிடம் விடுங்கள். நானும் அவர்களும் கோயில் திடலுக்குப் போய்வருகிறோம், நீங்கள் இருவரும் பேசுங்கள்” என்றார். அன்றிலிருந்து இன்றுவரை வியாழக்கிழமை தவறவில்லை. மழையென்றால் தன் அடுப்படியில் உட்காரவைத்துக் கதை சொல்வார். அந்த ஒரு மணி நேரத்தில் கடனைப் பேசினோம், என் அம்மாவைப் பேசினோம், அந்த மூன்று தட்டுகளைப் பேசினோம். பல வாரங்கள் பேசாமல் தேநீர் மட்டும் குடித்ததும் உண்டு. எங்கள் திருமணம் பிழைத்தது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அம்மாயி, கர்த்தர் உங்களை எங்களுக்குத் தந்தார் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஆலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை. அது முடிந்ததும் லயத்து முற்றத்தில் பகலுணவு. மேலே சொன்ன அனைவரும், சொல்ல விடுபட்டவர்களும் குடும்பமாக வரவேண்டும். அம்மாயி, உங்கள் விரதம் எங்களுக்கு நினைவிருக்கிறது. புதுச் சட்டியில் மரக்கறி தனியாக ஆகிறது; என் மனைவியே சமைக்கிறாள்.

அன்புடன்,
கடைசிக்கு முந்தைய காம்பராக் குடும்பத்தார்