நுரை அடங்கிய பிறகும் கேமராவை ஓடவிடுங்கள்

வீட்டுச் சுத்தக் குறிப்பு வீடியோ போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களைப் பார்த்துத்தான் கடையில் வாங்கும் கிளீனர் பாட்டில்களை ஒவ்வொன்றாக விட்டேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. மூக்கு எரியாமல் பாத்ரூம் கழுவ முடிகிறதே, அது போதாதா? ஆனால் அந்த நுரையைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி, அது பொங்குவதைக் கிட்டத்தில் காட்டி, "பாருங்க, அழுக்கு எப்படிக் கிளம்புது" என்கிறீர்கள். கிளம்புவது கரியமில வாயுங்க. வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு, தண்ணீரும் அதில் கரைந்த சோடியம் அசிடேட் என்கிற உப்பும்தான் மிஞ்சும். 5 சதவீத வினிகர் 100 மில்லியைச் செல்லாக்காசு ஆக்க 7 கிராம் சோடா, அதாவது ஒன்றரை டீஸ்பூன், போதும். சிங்க் பளபளக்கிறதென்றால் அது உங்கள் கைவேலை, கூடவே கரையாமல் மிஞ்சிய சோடாத் தூளின் சொரசொரப்பு. அந்தக் கலவையை ஸ்ப்ரே பாட்டிலில் இறுக மூடி வைக்கச் சொன்னவரும் உங்களில் உண்டு. உள்ளே வாயு சேர்ந்தால் பாட்டில் என்ன ஆகும் என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

தனித்தனியாக விட்டால் இரண்டும் கெட்டிக்காரப் பொருள்கள். எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் தண்ணீரிலிருந்து படிந்த உப்பு வெள்ளையாக ஓடு கட்டிக் கிடந்தது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி, கொதித்ததும் அணைத்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி, ஓடு சீவல் சீவலாகப் பெயர்ந்து வந்தது. இங்கே குமிழுக்கு அர்த்தம் இருக்கிறது, கரைந்தது அந்த உப்பேதான்.

சரி, அந்தச் சந்தோஷம் தலைக்கேறி, உங்கள் வீடியோ ஒன்றில் பார்த்தபடியே சமையல் மேடை மார்பிளை எலுமிச்சை மூடியால் தேய்த்து, மூடியை அங்கேயே கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மேடையில் மங்கலாக ஒரு வட்டம். துணியும் போட்டுப் பார்த்தேன், சோப்பும் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. போகாது, ஏனென்றால் அது கறையே இல்லை, கல் அரிபட்ட இடம். கெட்டிலில் படிந்ததும் கால்சியம் கார்பனேட், மார்பிளும் கால்சியம் கார்பனேட், எலுமிச்சையும் வினிகர் மாதிரி அமிலம்தான், அதற்கு எதை விடுவது எதை அரிப்பது என்று எப்படித் தெரியும்? "மார்பிளில் வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

எண்ணெய்ப் பிசுக்குக்கும் வினிகர் ஆகாது, சோப்பும் சுடுதண்ணீரும்தான் சரி. டிடர்ஜென்ட் இல்லாத அசல் சோப்புக் கரைசலிலேயே வினிகரை ஊற்றினால் பால் திரிவதுபோல் திரிந்துபோகும், செய்து பாருங்கள். அப்புறம் தரையில் தெளிக்கச் சொல்கிறீர்களே, டீ ட்ரீ எண்ணெய் என்கிற அந்த வாசனை எண்ணெய். செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் பூனைக்கு விஷம். தரையில் தெளித்ததைப் பூனை மிதித்துவிட்டுக் காலை நக்கும்.

இதுவரை சொன்னதையெல்லாம் போனால் போகட்டும் என்று விட்டாலும், ப்ளீச் விஷயத்தை விட முடியாது. "இன்னும் பவர் வேணுமா, கொஞ்சம் ப்ளீச்சும் சேர்த்துக்கோங்க" என்று வினிகர் கரைசலைக் காட்டி ஒருவர் சிரித்தபடி சொல்கிறார். குளோரின் ப்ளீச்சில் புளிப்பு எது சேர்ந்தாலும், எலுமிச்சையே ஆனாலும், வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் 1915-இல் பெல்ஜியத்தில் எதிரிகள்மேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில் குனிந்து தேய்ப்பவருக்கு மூச்சு திணற அதிக நேரம் ஆகாது. அந்த வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள், கீழே திருத்தம் போட்டால் யார் படிக்கப்போகிறார்கள்.

மற்ற வீடியோக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிங்க்கின் ஒரு பாதியில் உங்கள் நுரை, மறு பாதியில் வெறும் சுடுதண்ணீர், இரண்டிலும் அதே பிரஷ், அதே தேய்ப்பு. நுரை அடங்கி, கழுவி, காய்கிற வரைக்கும் கேமரா ஓடட்டும்.

இப்படிக்கு,
மேடையில் வட்டத்தோடு இருப்பவன்