பிக்அப்பை மாத்தாதை, மச்சான்

கிளிநொச்சி
தை மாதம்

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. இஞ்ச எல்லாரும் சுகம். மழை விட்டிட்டுது. இரணைமடுக் குளம் வான் பாய்ஞ்சு முடிஞ்சு, இப்ப வயலெல்லாம் கதிர் முத்திற நேரம். பகலில மயில், ராவில பண்டி. அண்ணர் காவல் கொட்டிலை விட்டு வீட்டுக்கு வாறதே இல்லை. இந்தமுறை நெல்லுக்கு என்ன விலை குடுப்பாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அது எல்லா வருசமும் உள்ள கதைதான்.

நீ திரும்பக் கிற்றாரைத் தூக்கினதுதான் பெரிய புதினம். இந்த வயசில, உந்தப் பனிக்க இருந்துகொண்டு, சேர்ஃப் எண்ட, கடலலையில சறுக்கிற பெடியளின்ர சங்கீதம் வாசிக்கப் போறன் எண்டு எழுதியிருக்கிறாய். மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன், சிரிச்சுச் சிரிச்சு அவவுக்கு இருமல் வந்திட்டுது. முல்லைத்தீவுக் கடலில மாரியில எழும்பிற அலையை நீயும் பாத்தனி, நானும் பாத்தனான். அதில கரைவலை இழுத்த ஆக்களைக் கண்டிருக்கிறம், பலகையில ஏறி நிண்ட ஒருத்தரையும் காணேல்லை. சறுக்கிறதெண்டா அறுகம்பைக்குத்தான் போகவேணும்.

சரி, நீ கேட்டதுக்கு வாறன். கிற்றார் மந்தமாக் கேக்குது, பளிச்செண்டு வெட்டுற சத்தம் வேணும், கம்பியின்ர அதிர்வை மின்சாரமாக்கிற அந்தப் பிக்அப்பைப் புதுசா வாங்கவோ எண்டு கேட்டிருந்தாய். வாங்காதை. முதலில உள்ளதைப் பார். குளத்தில தண்ணி நிறைய நிக்க, வாய்க்கால் வழிய ஓட்டை விழுந்து கடைசி வயலுக்கு வந்து சேராத கதைதான் இது. உன்ர பிக்அப்பில பளிச்செண்ட சத்தம் இருக்கு. அம்பிளிபயருக்கு வாற வழியில அதைக் குடிக்கிற சாமான்கள் நாலைஞ்சு இருக்கு.

இஞ்ச ஒரு இசைக்குழுப் பெடியன் இதே முறைப்பாட்டோட ஒரு கிற்றாரைக் கொண்டந்தவன். ஃபெண்டர் எண்ட அமெரிக்கக் கொம்பனியின்ர ஸ்ராற்றோகாஸ்ரரைப் பாத்துச் செய்த சீனச் சாமான், மூண்டு பிக்அப், மூண்டு குமிழ், உன்ரயைப் போலதான். ரி.வி. திருத்திற மேசையில அதைக் கழட்டி வைச்சுக்கொண்டு நான் பாத்த ஒழுங்கிலேயே சொல்லிறன்.

முதல் கள்ளன் கேபிள். பெடியன் மேடையில ஓடித் திரியிறதுக்கு 10 மீற்றர் வயர் வைச்சிருந்தான். மலிஞ்ச கேபிளில மீற்றருக்கு அண்ணளவா 100 பிக்கோ ஃபரட் கிடக்கும். பிக்அப் எண்டது ஒரு சுருள், ஸ்ராற்றோகாஸ்ரர் வகையில ஏறக்குறைய 2.5 ஹென்றி. சுருளும் கப்பாசிற்றரும் சேர்ந்தா ஒரு இடத்தில ஒத்திசைவு வரும் எண்டு எங்கட பௌதிக மாஸ்ரர் படிப்பிச்சவர், நீ அண்டைக்கு நித்திரை. அந்த இடத்தில சத்தம் ஒரு மேடு மாதிரி எழும்பும், அதுக்கு மேல சரிஞ்சு போகும். 3 மீற்றர் கேபிள் எண்டா அந்த மேடு 5 கிலோ ஹேர்ட்ஸ் கிட்ட வரும். 10 மீற்றர் எண்டா 3 கிலோ ஹேர்ட்ஸுக்கு இறங்கிப்போடும். கிற்றார் அம்பிளிபயரின்ர ஸ்பீக்கரும் 5 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல பெரிசா ஒண்டும் தராது. அப்ப நீ தேடுற மினுக்கம் முழுக்க இந்த இடைவெளிக்குள்ளதான் கிடக்கு. வீட்டில வாசிக்க உனக்கு 3 மீற்றர் காணும். ஒரு சதமும் இல்லாத வேலை, இதை முதல் செய்.

இரண்டாவது, வொலியூம் கொன்ரோல். இதிலதான் பெடியன்ர கிற்றாருக்கு மோசம் நடந்திருந்தது. முந்தி ஆரோ திருத்தேக்க, கைக்குக் கிடைச்ச 100 கிலோ ஓம் றேடியோக் கொன்ரோலைப் போட்டு விட்டிருக்கினம். சத்தம் வரும், கூட்டலாம், குறைக்கலாம், ஒரு பிழையும் தெரியாது. ஆனா சின்ன ரெசிஸ்ரன்ஸ் பிக்அப்புக்குப் பாரம். அந்த மேட்டை அப்படியே தட்டையாக்கிப் போடும். ஒற்றைச் சுருள் பிக்அப்புக்கு ஃபெண்டர் வழமையாப் போடுறது 250 கிலோ ஓம். இரட்டைச் சுருளுக்கு 500 போடுவினம். சேர்ஃப்காரர் விரும்பித் தூக்கின ஃபெண்டரின்ர ஜாஸ்மாஸ்ரரிலயும் (1958) ஜாகுவாரிலயும் (1962) 1 மெகா ஓம். அந்தக் கிற்றார்கள் ஏன் அப்பிடிக் கீச்சிடுது எண்டதுக்குப் பாதி விடை அதுக்குள்ள இருக்கு.

கொழும்பு போன ஒருத்தரிட்டச் சொல்லி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில 500 ஒண்டு எடுப்பிச்சன். போட்டவுடன பெடியன்ர முகம் மாறிச்சுது. ஆனா 500 கொஞ்சம் கூடிப்போகவும் பாக்கும், காதில குத்தும். அதுக்கு ஒரு வழி சொல்லிறன்: 470 கிலோ ஓம் ரெசிஸ்ரர் ஒண்டை வொலியூமின்ர இரண்டு ஓரக் கால்களுக்கும் குறுக்க பிடிச்சுப் பார். இரண்டும் சேர்ந்து 242 ஆகும், அதாவது 250 போட்ட மாதிரி. எடுத்தா 500. எடுத்தும் வைச்சும் கேட்டுப்போட்டு நீயே முடிவெடு. ஈயம் பிடிக்கிறது அதுக்குப் பிறகு.

கீச்சைக் குறைக்கிற ரோன் குமிழைப் பற்றி எல்லாரும் கப்பாசிற்றரை மாத்து, 0.047 மைக்ரோ ஃபரட்டை எடுத்துப்போட்டு 0.022 போடு எண்டு சொல்லுவினம். குமிழ் முழுக்கத் திறந்து கிடக்கேக்க கப்பாசிற்றரின்ர பெறுமதியால பெரிய வித்தியாசம் ஒண்டும் வராது. அப்ப வேலை செய்யிறது குமிழின்ர ரெசிஸ்ரன்ஸ்தான். 250 வொலியூமோட 250 ரோனும் சேர்ந்தா பிக்அப்புக்குத் தெரியிறது 125 மட்டும். குமிழைத் திருகி மூடேக்கதான் கப்பாசிற்றர் கதைக்கத் தொடங்கும். நீ ரோனை ஒருநாளும் மூடப்போறதில்லை எண்டா அதின்ர வயரைக் கழட்டி விட்டுட்டுக் கேட்டுப் பார். பழைய ஸ்ராற்றோகாஸ்ரர் வயரிங்கில பாலத்தடிப் பிக்அப்புக்கு (கம்பி முடியிற பக்கம்) ரோன் குமிழே இல்லை, கழுத்தடிக்கும் நடுவுக்கும் மட்டும்தான். உன்ரயும் அப்பிடியோ எண்டு முதல் பார்.

இனி பிக்அப்பின்ர உயரம். ஒரு ஸ்க்ரூட்றைவர் காணும், ஆனா நிதானம் வேணும். கிற்றார்க் கழுத்தில கிடக்கிற கடைசிக் கட்டையில கம்பியை அமத்திப் பிடி. கம்பியின்ர அடிக்கும் காந்தத்தின்ர தலைக்கும் இடையில அள. ஃபெண்டர் பழைய வகைப் பிக்அப்புக்குச் சொல்லுற கணக்கு, தடிச்ச கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 2. சத்தம் கூட வேணுமெண்டு கிட்டக் கிட்ட ஏத்தினா, அல்நிக்கோ எண்ட கலப்பு உலோகக் காந்தம் கம்பியை இழுக்கத் தொடங்கிப்போடும். தடிச்ச கம்பியில மேல் கட்டைகளில வாசிக்கேக்க ஒரு சுரத்துக்குள்ள இரண்டு சுரம் அலையிற மாதிரிக் கேட்டா, அது சுருதிக்குறை இல்லை, காந்தத்தின்ர வேலை. கழுத்தடிப் பிக்அப்பை நல்லா இறக்கு. பாலத்தடியில மெல்லிய பக்கத்தை மட்டும் மெல்ல மெல்ல ஏத்து. இறக்கினா சத்தம் குறையும், தெளிவு கூடும். குறைஞ்ச சத்தத்தை அம்பிளிபயரில எடுக்கலாம். ஒண்டு கவனம்: காந்தம் ஸ்க்ரூட்றைவரை இழுக்கும். சுருளின்ர கம்பி தலைமயிரளவு, 0.063 மில்லிமீற்றர். ஒருக்கா வழுக்கினா பிக்அப் முடிஞ்சுது.

அந்தப் பயம் இருந்தா, கழட்ட முன்னமே ஒரு சோதனை செய். கேபிளைக் குத்தி, வொலியூமை முழுக்கத் திறந்து, மற்ற முனையில மல்ரிமீற்றரை வை. ஒவ்வொரு பிக்அப்பாத் தெரிவு செய்து பார். 5இல இருந்து 7 கிலோ ஓமுக்குள்ள காட்டினா சுகமா இருக்கு. 250க்குக் கிட்டக் காட்டினா சுருள் அறுந்துபோச்சு, மீற்றர் அளக்கிறது குமிழை. அப்ப மட்டும் புதுசு வாங்கு.

வொலியூமைக் கொஞ்சம் குறைச்சவுடன மினுக்கம் போகுது எண்டும் எழுதியிருந்தாய். அதுக்கு வொலியூமின்ர உள்ள வாற காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில ஒரு 1000 பிக்கோ ஃபரட் கப்பாசிற்றரும், அதுக்குப் பக்கத்தில ஒரு 150 கிலோ ஓம் ரெசிஸ்ரரும். இரண்டும் சமாந்தரமா. கீச்சு மட்டும் குறுக்கு வழியாப் போய்ச் சேர்ந்திடும்.

ஜாகுவாரில இன்னொரு சுவிச் இருக்கு, எனக்கு அதில பெரிய மோகம். 0.003 மைக்ரோ ஃபரட் கப்பாசிற்றர் ஒண்டைச் சத்தத்தின்ர பாதையிலேயே தொடரில விடுவினம். அடிச்சத்தம் வடிஞ்சு போகும், மிச்சம் கத்தி. பெடியன்ர கிற்றாரில 0.0022 ஒண்டு மேசை லாச்சிக்க கிடந்ததைப் போட்டு, சின்னச் சுவிச் ஒண்டு வைச்சுக் குடுத்தன். கீபோட்டும் பேஸும் சேர்ந்து முழங்கிற மேடையில இந்தச் சுவிச்சைத் தட்டினாத்தான் கிற்றார் வெளிய தெரியுது. தனிய வாசிக்கேக்க மெலிஞ்சு போகும், அதையும் சொல்லிப்போடுறன்.

எங்கட வயசையும் ஒருக்கா யோசி. காதில மேல் ஸ்தாயி முதல் போகும். நான் "இப்பதான் சரி" எண்ட இடத்தில பெடியன் காதைப் பொத்தினவன். அதுக்குப் பிறகு நான் ஈயம் பிடிக்கிறது, கேக்கிறது அவன். நீயும் உன்ர மகளைப் பக்கத்தில இருத்து. சண்டைக்காலத்தில பற்றரிக்குத் தடை இருக்கேக்க சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காது இது, எதைக் கேட்டாலும் அதுக்கு நல்லாத்தான் இருக்கும்.

கம்பியைப் பற்றி நீ ஒண்டும் எழுதேல்லை. பெடியள் எல்லாம் 9 (மெல்லிய கம்பியின்ர தடிப்பு, அங்குலத்தின்ர ஆயிரத்தில ஒரு பங்குக் கணக்கில) போட்டு மெல்லிசா வைச்சிருக்கிறாங்கள். சேர்ஃப் கிற்றார்க்காரர் டிக் டேல் போட்டது தாம்புக் கயிறு மாதிரித் தடிச்ச கம்பி, கடைசி 60க்கும் கிட்ட. அந்தாள் இடக்கையன், கம்பியை மாத்திக் கட்டாமலே கிற்றாரைத் திருப்பிப் பிடிச்சு வாசிச்சவர். மினுக்கம் பிக்அப்பால வரும், ஆனா அந்தக் குத்து கம்பியாலயும் பாலத்துக்குக் கிட்ட அடிக்கிற கையாலயும்தான் வரும். 11இல தொடங்கு, உன்ர விரல் என்ன சொல்லுதெண்டு பாப்பம்.

டிக் டேல் எண்டவுடன ஒண்டு. 1962இல அந்தாள் வாசிச்ச "மிசிர்லூ", கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய மெட்டு. தகப்பன் வழி லெபனான், சிறியதகப்பன் ஊத் எண்ட அரபுத் தந்தி வாத்தியம் வாசிச்சதைப் பாத்து வளந்தவராம். பெடியன் அதை மேசையில வைச்சு வாசிச்சுக்கொண்டிருக்க, றேடியோ திருத்த வந்த நாதஸ்வரக்காரர் ஒருத்தர் வாசலில நிண்டிட்டார். "தம்பி, உது மாயாமாளவகௌளையல்லோ" எண்டார். நான் கணக்குப் பாத்தன், மனிசன் சொன்னது சரி. சின்ன ரி, பெரிய க, சின்ன த, பெரிய நி. சரளி வரிசையில நாங்கள் முதல் பாடினது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப்பையும் பைலாவையும் கேட்டு வளந்த எங்களுக்கு மின்கிற்றார் புதுசில்லை, ஆனா சரளி வரிசையை இந்த வேகத்தில கேக்கிறது புதுசு. அவர் போகேக்க கமகம் காணாது எண்டும் சொல்லிப்போட்டுத்தான் போனவர்.

எதிரொலியைப் பற்றிச் சுருக்கமா. ஃபெண்டர் 1961இல தனிப் பெட்டியா ஒரு ஸ்பிரிங் ரிவேர்ப் விட்டது. சேர்ஃப் சத்தத்தில சொட்டுச் சொட்டா விழுகிற ஈரம் அந்தச் சுருள்வில்லுக்குள்ளால வாறது. உன்ர அம்பிளிபயரில உண்மையான ஸ்பிரிங் இருந்தா, பெட்டியை மெல்லத் தட்டிப் பார், இடி இடிக்கும். இல்லாட்டி காலால அமத்திற சத்தப் பெட்டியில (பெடல்) "ஸ்பிரிங்" எண்ட பக்கத்தைத் தெரிவு செய். மண்டபம், தேவாலயம் எண்டு இருக்கிறதுகளைத் தொடாதை. கிற்றார் மந்தமா இருந்தா ரிவேர்ப்பும் சேறாத்தான் கிடக்கும், அதால இதைக் கடைசியா வை.

இரைச்சல் வரும், ஒற்றைச் சுருளுக்கு அது சாபம். உள்பக்கம் செப்புத் தாள் ஒட்டலாம், ஆனா அதுவும் துளி மினுக்கத்தைக் குடிக்கும். நான் ஒட்டேல்லை. ரியூப் லைட்டை நிப்பாட்டிப்போட்டு, கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு கதிரையோட மெல்லச் சுத்தினா இரைச்சல் குறையிற ஒரு திசை இருக்கும். கோயில் மேடையில ஜெனறேற்றருக்குப் பக்கத்தில பெடியன் அப்பிடித்தான் திசை பாத்து நிக்கிறான், சனம் அதை ஸ்ரைல் எண்டு நினைக்குது.

மீற்றர் என்ன காட்டுது, வொலியூமின்ர முதுகில என்ன எழுதிக் கிடக்கு, பிக்அப்பின்ர அடியில காந்தச் சட்டம் ஒட்டிக் கிடக்கோ இல்லையோ, இந்த மூண்டையும் எழுது. அடியில சட்டம் இருந்தா அது செறமிக் வகை, நான் சொன்ன உயரக் கணக்கு கொஞ்சம் மாறும்.

வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உங்க இருந்து ஆரும் வருவினம். வந்தா 250 கிலோ ஓம், ஓடியோ வகை, நாலைஞ்சு குடுத்து விடு. இஞ்ச இன்னும் இரண்டு பெடியள் கிற்றாரைக் கொண்டந்து வைச்சிட்டுப் போட்டாங்கள். காசு நான் உன்ர கொம்மாவிட்டக் குடுக்கிறன்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி