சந்தா எடுக்கத் தெரிகிறது, பில் கொடுக்கத் தெரியவில்லையா?

மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் நெருங்கினால் போதும், என் வாடிக்கையாளர்களுக்கு உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிடும்: ‘இப்போதே ஆண்டுச் சந்தா கட்டுங்கள், முழுவதையும் வரியில் கழித்துக்கொள்ளலாம்!’ கழிக்கலாம்தான். தொழிலுக்காகச் செய்த செலவு என்றால் பெரும்பாலான நாடுகளின் சட்டம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் காட்டுவதற்கு ஒரு பில் வேண்டுமே.

புகைப்படத் தொழில் செய்யும் ஒருவர் கார்டு ஸ்டேட்மென்டோடு வந்தார். அதில் 11 மாதத்துக்கு 11 வரிகள். ஒவ்வொன்றிலும் பாதியில் வெட்டுப்பட்ட ஒரு பெயர், பக்கத்தில் ஒரு தொகை. அது படம் திருத்தும் மென்பொருளா, வீட்டில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டா என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பணம் போனதற்கு ஸ்டேட்மென்ட் சாட்சி. எதற்குப் போனது என்பதற்குப் பில்தான் சாட்சி.

சரி, பில் எங்கே? வேலையை விட்டுப் போன உதவியாளரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்து எடுத்துவிடலாம் என்று பார்த்தால், சந்தாவை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழைய பில்களைப் பார்க்க வேண்டுமானால் சந்தாவைப் புதுப்பிக்கவும் என்றது திரை. கீழே பெரிதாக ஒரு பொத்தான். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அமெரிக்காவில் வரி தாக்கல் செய்த பிறகும் பொதுவாக 3 ஆண்டு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் தனியாகத் தொழில் செய்பவர், தாக்கலுக்கான ஜனவரி 31 கெடு முடிந்து குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சந்தா நின்ற மறுநாளே நீங்கள் கதவைப் பூட்டினால் அவர் எதைக் காட்டுவார்? மென்பொருளைப் பூட்டுங்கள், அது உங்கள் சரக்கு. பில் எங்களுடையது. பணம் கொடுத்தாயிற்று.

அப்புறம், கிடைக்கும் பில்லிலும் என்ன இருக்கிறது? திட்டத்தின் பெயர், தொகை, அவ்வளவுதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரைக்கும் என்று பலர் போடுவதே இல்லை. எங்களுக்கு அதுதான் முக்கியம். ஆண்டு முடிய 3 மாதம் இருக்கும்போது ஒருவர் 12 மாதத்துக்கு 12,000 கட்டுகிறார் என்று வையுங்கள். பணம் எப்போது கட்டினாலும் செலவை அது எந்தக் காலத்துக்கோ அந்தக் காலத்தில் எழுதுவது நிலுவை முறை. அதில் கணக்கு வைப்பவருக்குப் பொதுவாக இந்த ஆண்டுச் செலவு 3,000தான். மீதி 9,000 முன்பணம், அடுத்த ஆண்டுக்குப் போகும். அமெரிக்காவில் ரொக்க முறையில், அதாவது பணம் கைமாறும்போதே எழுதும் முறையில், கணக்கு வைப்பவர், சந்தாவின் பலன் 12 மாதத்தைத் தாண்டாமலும் அடுத்த வரி ஆண்டின் முடிவைத் தாண்டாமலும் இருந்தால், கட்டிய ஆண்டிலேயே முழுவதையும் கழிக்கலாம். நீங்கள் தள்ளுபடியோடு விற்கும் மூன்று ஆண்டுச் சந்தா அந்த விதிக்குள் வராது. விளம்பரத்தில் அதை மட்டும் ஏனோ எழுதுவதில்லை.

ஒரு நன்றியும் சொல்லிவிடுகிறேன். வட்டு வாங்கிய காலத்தில் மென்பொருள் ஒரு சொத்து. இந்தியாவில் அதற்கு ஆண்டுதோறும் தேய்மானம் போட்டு, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் எழுதிக்கொண்டிருந்தோம். சந்தா வந்தபிறகு அது சாதாரணச் செலவாகிவிட்டது. என் வேலை குறைந்தது. குறைந்த வேலையைப் பில் தேடுவதில் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள், அது வேறு.

வாங்குபவரின் வரி எண்ணையும் கேளுங்கள், பதிவு செய்யும்போதே கேளுங்கள். இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவுள்ள ஒருவர் எண்ணைக் கொடுக்காமல் வெளிநாட்டுச் சேவைக்குச் சந்தா கட்டினால், அவரைச் சாதாரண நுகர்வோராக நினைத்து 18 விழுக்காடு வரி சேர்த்து வாங்கிவிடுகிறீர்கள். அந்த வரியை அவர் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடியாது. எண்ணைக் கொடுத்திருந்தால் விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் எதிர்முறையில் அவரே வரியைச் செலுத்தி, தகுதி இருந்தால் அதை வரவாகவும் எடுத்திருப்பார். எண்ணைப் போடும் கட்டம் உங்கள் தளங்களில் இருக்கிறது, ஆனால் அமைப்புகளுக்குள் நான்கு படி இறங்கிப் போனால்தான் கண்ணில் படும். பணம் கட்டும் பக்கத்திலேயே அதை வைப்பதில் என்ன கஷ்டம்?

இன்னொன்று, ‘வரியில் கழியும்’ என்று நீங்கள் எழுதுவதைப் பலர் இலவசம் என்று படிக்கிறார்கள். 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 1,000 கழிந்தால் மிச்சமாகும் வரி 200தான். மீதி 800 அவர் கையிலிருந்துதான் போகிறது. உபயோகப்படாத சந்தாவை வரிக்காக வைத்திருப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பில்லில் தொழிலின் பெயரும் வரி எண்ணும் சந்தாக் காலமும் இருக்கட்டும். கணக்கருக்கென்று இரண்டாவது ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுக்க வழி செய்யுங்கள். சந்தா நின்றாலும் பில் பக்கம் திறந்தே இருக்கட்டும்.

அந்தப் புகைப்படக்காரர் கடைசியில் ஒரு மாதச் சந்தா கட்டித்தான் 11 பில்களையும் எடுத்தார். அந்த ஒரு மாதத்தையும் தொழில் செலவில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கான பில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு கணக்கர்