அச்சு டையை இப்போதே செய்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் செய்த ஆராய்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரை கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துகிறவன் நான். அடுத்த தொற்று வருமுன் என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் பல நாடுகளில் கல்லூரிக்காரர்கள் ஃபேஸ் ஷீல்டுக்கான (முகத்துக்கு முன் தொங்கும் தெளிவான தடுப்பு) நெற்றிப்பட்டையை 3டி பிரிண்டரில் அடித்தார்கள். ஒரு பட்டைக்கே மணிக்கணக்கில் ஆகும். எங்கள் மிஷின் அதை ஒரு நிமிஷத்துக்குள் தள்ளிவிடும். ஆனால் அதற்கு டை, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை வடிவமாக்கும் இரும்பு அச்சு, வேண்டுமே! ஸ்டீல் வாங்கி, வெட்டி, பாலிஷ் போட்டு, ட்ரையல் பார்க்க வாரக்கணக்காகும். அன்றைக்கு ஸ்டீல் கடையும் திறக்கவில்லை, டைமேக்கரும் ஊருக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தார் அந்த மாதமே வேறு வழியில் போனார்கள். நுரைப்பட்டை, எலாஸ்டிக், தெளிவான பிளாஸ்டிக் ஷீட், அவ்வளவுதான். வரைபடத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். ஃபோர்டு கம்பெனி அதை உற்பத்தி செய்தது. பட்டறையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வரைந்த டிசைன் அது. நம் பக்கம் ஓ.எச்.பி. ஷீட்டை (புரொஜெக்டருக்கு வைக்கும் தெளிவான பிளாஸ்டிக் தாள்) வெட்டிச் செய்ததும் இதே வேலைதான்.

என்-95 மாஸ்க் எங்களால் ஆகாது, அது தனி வித்தை. உருக்கி ஊதிய பாலிபுரோப்பிலின் இழையில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். அந்த முறையை உருவாக்கிய டென்னசி பல்கலைக்கழகத்தின் பீட்டர் சாய், ஓய்வு பெற்ற பிறகும் 2020ல் திரும்ப வந்து, மாஸ்கை எப்படிச் சுத்தம் செய்து மறுபடி போடலாம் என்று ஆராய்ந்தார். எங்கள் தெருவிலோ அதைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டார்கள். சோப்பு பட்டால் மின்னூட்டம் குறைந்துவிடும்; பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சரியாக வடிகட்டாது. ஏதாவது ஒரு கல்லூரி நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கலாம்.

இருக்கிறதை வைத்தே செய்வதற்கு இன்னொரு உதாரணமாக, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துகளைப் போட்டு, அப்புறம் தார் சேர்ப்பது. இருக்கிற தார்க்கலவை பிளான்ட்டே போதும் என்பதால்தான் காண்டிராக்டர்கள் துணிந்தார்கள் என்பது என் கணிப்பு.

ஆகவே, இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் புதூர், கப்பலூர் பட்டறைகளில் யாரிடம் எத்தனை டன் அழுத்தம் தரும் மோல்டிங் மிஷின், யாரிடம் லேசர் கட்டிங் என்று முதலில் பட்டியல் எடுக்கட்டும். நெற்றிப்பட்டைக்கும் ஆக்சிஜன் குழாய் இணைப்புக்கும் இப்போதே டை செய்து, ராஜாஜி மருத்துவமனை டாக்டர்களிடம் மாதிரியைக் காட்டிச் சரிபார்த்து, எண்ணெய் தடவி எடுத்து வைக்கட்டும். செலவை அரசு ஏற்க வேண்டும். சும்மா கிடக்கப்போகிற இரும்புக்கு எந்தப் பட்டறைக்காரனும் பணம் போடமாட்டான். வைக்க இடம் இல்லையென்றால் என் ஸ்டோரில் ஒரு ரேக் ஒதுக்கித் தருகிறேன். வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
கே.புதூர், மதுரை.